பவர் ஸ்டியரிங் போன பழைய 407ஐ ஓட்டுவது எப்படி?

பிறந்ததிலிருந்தே பவர் இல்லாத வண்டியை ஓட்டுவது வேறு, பவர் இருந்து செத்துப்போன வண்டியை ஓட்டுவது வேறு. டாடா 407 என்ற சின்ன லாரி வந்தது 1986இல். அந்தக் காலத்து சாதா ஸ்டியரிங் வண்டிகளைப் பல வருடம் ஓட்டிய டிரைவர்கள், "பவர் இல்லாமலா நாங்க ஓட்டல?" என்று கேட்பார்கள். சாதா ஸ்டியரிங்கில் முன் சக்கரம் முழுசாக ஒடிய (திரும்ப) ஸ்டியரிங் வீலை நிறையச் சுற்று சுற்ற வேண்டும், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கைக்கு வரும் பாரம் குறைவு. பவர் வண்டியில் சுற்று குறைவு. பவருக்காக ஆயிலை அழுத்தித் தரும் பம்ப் நின்றுவிட்டால் அந்தக் குறைந்த சுற்றிலேயே மொத்தப் பாரத்தையும் கை தாங்க வேண்டும், அதோடு, வீலின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் தங்கியிருக்கும் ஆயிலையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பழைய வண்டியில் பழகிய கையாக இருந்தாலும் இங்கே புதிதாகப் பழகத்தான் வேண்டும்.

என் 407இல் பம்ப் போய், புது பம்ப் வரத் தாமதமான நாட்களில் நாமக்கல் – சேந்தமங்கலம் பக்கம் எம்ப்டியாக ஓட்டியதிலிருந்து இதை எழுதுகிறேன். பட்டறைவரை வண்டியைக் கொண்டுபோகவும், ஊருக்குள் எம்ப்டியாக நகர்த்தவும்தான் இந்த முறை. லோடு ஏற்றிக்கொண்டு ஓடுவதற்கு இல்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நிச்சயமாக இல்லை.

1. முதலில், நகர்த்தலாமா கூடாதா?

பவர் மட்டும் போயிருந்தால் வண்டி ஓடும். ஸ்டியரிங் ஜாயிண்ட் போயிருந்தால் நகர்த்தவே கூடாது. ஒருவரை கேபினில் உட்காரவைத்து வீலை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில் அசைகிறதா, பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளான டிராக் லிங்க்கும் டை ராடு எண்டும் மேலும் கீழும் குதிக்கின்றனவா, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் பலர் ஒரு விஷயத்துக்குப் பயந்துவிடுகிறார்கள். பவர் போனதும் வீலில் திடீரென்று கொஞ்சம் பிளே (வெற்று ஆட்டம்) வந்த மாதிரி இருக்கும். பவர் பாக்ஸுக்குள் வால்வைத் திறப்பதற்கு ஒரு முறுக்குக் கம்பி உண்டு. பிரஷர் இல்லாதபோது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு கடைசி முட்டுக்குப் போன பிறகுதான் சக்கரம் அசையும். அந்தச் சின்ன இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பயப்பட வேண்டாம். 'டக் டக்' என்று சத்தத்தோடு வந்தால் மறுபடியும் கீழே போய்ப் பாருங்கள்.

ஒரு பக்கம் ஒடித்தால் மட்டும் கனமாக இருக்கிறது, மறுபக்கம் லேசாக வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பாக்ஸுக்குள். ஐடிலில் கனமாக இருந்து ரேஸ் கொடுத்தால் லேசாகிறது என்றால் பெல்ட் தளர்ச்சி, ஆயில் குறைவு, இல்லையென்றால் பம்ப் தேய்மானம்.

2. பம்பைக் காயவிட்டு ஓட்டாதீர்கள்

ஹோஸ் வெடித்து ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது, "எப்படியும் பவர் இல்லை, அப்படியே ஓட்டிவிடலாம்" என்று கிளம்புகிறார்கள். இன்ஜின் ஓடும்வரை பம்பும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் இல்லாமல் சுற்றினால் உள்ளே உராய்ந்து இரும்புத் தூள் வரும், கடைசியில் இறுகி நின்றுவிடும். ஹோஸ் மட்டும் மாற்றினால் போதும் என்றிருந்த வேலை, பம்பு, பாக்ஸு என்று வளர்ந்துவிடும்.

பானெட்டைத் திறந்து பம்ப் எதிலிருந்து சுற்றுகிறது என்று பாருங்கள். தனி பெல்ட் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாம். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையோ டைனமோவையோ சுற்றுகிறது என்றால் கழற்றக் கூடாது. பம்ப் இறுகினால் அந்த பெல்ட்டும் அறுந்து இன்ஜின் சூடேறும். கியரில் நேராகப் பூட்டிய பம்ப் என்றால், கசிவை அடைத்து ஆயில் நிரப்ப முடிந்தால் மட்டும் கிளம்புங்கள்.

நிரப்பும் ஆயில் வண்டியின் புத்தகத்தில் போட்டிருப்பதாகவே இருக்கட்டும். நிறைய வண்டிகளுக்கு ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

3. கிங் பின்னும் காற்றும்

கை வலிப்பதில் பாதி, பம்ப் போனதால் வருவதில்லை. பவர் இருந்த காலத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட கிங் பின், அதாவது முன் சக்கரம் ஒடியும்போது சுற்றும் தண்டு, இறுகியதால் வருவது. முன் ஆக்ஸிலை ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை தூக்குங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டும் வையுங்கள். வண்டியின் பாரம் உட்கார்ந்திருக்கும்போது கிரீஸ் அடித்தால் கீழே பாரம் தாங்கும் திரஸ்ட் பேரிங்குக்குள் அது போவதே இல்லை. தூக்கிவிட்டு அடித்துப் பாருங்கள், முதலில் கறுப்பும் துருவுமாகப் பழைய கிரீஸ் பிதுங்கும், அப்புறம் புது கிரீஸின் நிறம் வரும். அந்த நிறம் நாலா பக்கமும் தெரியும்வரை நிறுத்தாதீர்கள். கைகளால் சக்கரத்தைப் பிடித்து ஒடித்துப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே தெரியும்.

கிரீஸ் கன்னில் நெம்புகோல் வைத்ததை மட்டும் வாங்குங்கள். உள்ளங்கையால் அழுத்தும் சின்ன கன்னுக்கு, அடைத்துப்போன நிப்பிளை (கிரீஸ் ஏறும் வாயை) திறக்கும் அழுத்தம் கிடையாது. நிப்பிள் திறக்கவே இல்லையென்றால் கழற்றிப் புதிது போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

முன் டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், சூடாகாதபோது பாருங்கள். கம்பெனி சொன்ன அளவு இருக்க வேண்டும். குறைந்தால் டயர் தரையில் அதிகமாகப் பரவும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். அதற்காக அளவுக்கு மேல் ஏற்றவும் கூடாது, பிரேக் போடும்போது பிடிமானம் போகும்.

4. ஒடிக்கும் முறை

மற்றவற்றில் ஒன்று இரண்டு விட்டுப்போனாலும் சமாளிக்கலாம். இதை விட்டால் சமாளிக்க முடியாது.

நிற்கிற சக்கரத்தை ஒடிக்காதீர்கள். வண்டி முதலில் நகர வேண்டும், அப்புறம்தான் கை அசைய வேண்டும். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, சக்கரம் ஒரு சாண் உருண்ட பிறகு ஒடிக்கத் தொடங்கினாலே பாரம் பாதியாகக் குறைந்தது போல் இருக்கும். திருப்பி முடித்து நிறுத்தும்போது சக்கரத்தை நேராக்கிக்கொண்டே நிறுத்துங்கள். அடுத்து எடுக்கும்போது நீங்களே உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

சரி, சந்துக்குள் நின்ற இடத்தில் ஒடித்தே ஆக வேண்டும் என்றால்? எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்தது இதுதான். கால் தானாக பிரேக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிற்கிற வண்டியில் ஒடிக்கும்போது முன் சக்கரம் இருந்த இடத்திலேயே தேய்வதில்லை, கிங் பின்னைச் சுற்றிக் கொஞ்சம் உருளவும் பார்க்கிறது. கால் பிரேக் அந்த உருளலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டு ஒடித்துப் பாருங்கள். அசையாத வீல் அசையும். சமதளத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

உட்காரும்போது சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளுங்கள். கை நீண்டிருந்தால் மணிக்கட்டும் தோள்பட்டையும் போய்விடும். முழங்கை மடங்கியிருந்தால் முதுகு வேலை செய்யும். இடது பக்கம் ஒடிக்க இடது கையை மேலே வைத்துக் கீழே இழுங்கள், வலது கை அதற்குள் மேலே வந்து அடுத்த பிடியைப் பிடிக்க வேண்டும். மேல் நோக்கித் தள்ளுவதைவிடக் கீழ் நோக்கி இழுப்பதுதான் சுலபம், உடம்பின் பாரமும் கூட வரும். வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவுக்கு அது எதிர்க்கும். நிதானமாக, ஒரே சீராக இழுத்தால் வந்துவிடும்.

கட்டை விரலை வீலுக்குள் விடாதீர்கள், மேலேயே வையுங்கள். பள்ளத்தில் சக்கரம் அடித்தால் அந்த அடி பாக்ஸ் வழியாக வீலுக்கு வரும், வீலின் ஆரக்கம்பி விரலில் அடிக்கும். வீலில் மாட்டும் உருண்டைப் பிடியையும் இதே காரணத்துக்காக நான் வேண்டாம் என்கிறேன். உதறும்போது அது மணிக்கட்டில் வந்து அடிக்கும்.

(பின்னால் சேர்த்தது: ரிவர்ஸ் பற்றிப் பலர் கேட்டார்கள். முன்னால் போகும்போது வீல் தானாக நேராகத் திரும்பும். ரிவர்ஸில் அது நேர்மாறு, கொஞ்சம் ஒடித்தாலே முழு ஒடிப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அதனால் ரிவர்ஸில் இரண்டு கையும் வீலில் இருக்கட்டும், எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். கூட ஆள் இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள். ஒரே ஒடிப்பில் நுழைக்கப் பார்க்காமல் எடுத்து எடுத்து விடுங்கள்.)

5. ரோட்டில்

வளைவுக்கு முன்னாலேயே கியர் குறைத்து, வேகம் குறைத்து நுழையுங்கள். வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்ற ஒரு கையை எடுத்தால் மறு கையால் தாங்க முடியாது. முன்னால் போகிற வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். திடீரென்று ஒடித்துத் தப்பிக்கும் வழி இப்போது உங்களுக்கு இல்லை, பிரேக் மட்டும்தான் உண்டு.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. நல்ல வண்டியிலேயே அது ஆபத்து. 407 மாதிரி வண்டியில் பிரேக்குக்கு உதவும் வாக்கூமும் இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். ஸ்டியரிங்கும் கனம், பிரேக்கும் கனம் என்ற நிலையில் இறக்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். மழை, இரவு, சந்தைக் கூட்டம், இந்த மூன்றிலும் வண்டியை எடுக்காமல் இருப்பது உத்தமம்.

6. பம்ப் மாட்டிய பிறகு

புது பம்ப் போட்டும் கனமாகவே இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் உள்ளே காற்று மாட்டியிருக்கும். ஸ்டியரிங் ஆயில் டேங்கில் ஆயில் நுரைத்து, பால் கலந்த மாதிரி தெரிந்தால் அதுதான். முன் ஆக்ஸிலைத் தூக்கி வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலேயே வீலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகப் பலமுறை சுற்றுங்கள். ஆயில் மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். குமிழி வருவது நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசி முட்டில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம், பம்ப் சூடாகும். பழைய பம்ப் தூளாகிப் போயிருந்தால் டேங்கில் இருக்கும் ஃபில்டரையும் மாற்றி, லைனைக் கழுவிவிட்டுத்தான் புது பம்பை மாட்ட வேண்டும். இல்லையென்றால் அந்தத் தூளே புது பம்பையும் தின்றுவிடும்.