பெயின்ட் காயும் நேரத்தில் ஒரு படம்: குளிர்கால விடுமுறைக்கு ஒரு வேலைத்திட்டம்

குளிர்கால விடுமுறை வருகிறது என்றதுமே மூன்று ஆசைகள் வரிசையாக வந்து நிற்கும். வாங்கி வைத்துத் தொடாமல் கிடக்கும் புத்தகங்களைப் படித்துவிட வேண்டும், வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நாலு படமாவது பார்க்க வேண்டும், ஆறு மாதமாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கும் அந்தச் சுவரையோ அலமாரியையோ சரிசெய்துவிட வேண்டும். விடுமுறை முடியும்போது பார்த்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும். எனக்குப் பல வருடம் அப்படித்தான் போனது. ஒரு தடவை முதல் நாள் காலையிலேயே உற்சாகம் தாங்காமல் அலமாரியில் இருந்த புத்தகம் மொத்தத்தையும் ஹால் நடுவில் இறக்கிக் குவித்துவிட்டு, கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தேன். ஒன்பது நாள் அந்தக் குவியலைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போனோம். டிவி எதிரே உட்கார இடமில்லை. தேடிய புத்தகம் எப்போதும் அடியில்தான் இருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. வீட்டு வேலையில் பெரும்பகுதி காத்திருப்புதான். விரிசலை அடைக்கும் பட்டி காய வேண்டும், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் காய வேண்டும், முதல் கோட் காய வேண்டும், மரப் பசை பிடிக்க வேண்டும். பிரஷ் கையில் இருப்பது ஒரு மணி நேரம் என்றால் சும்மா இருப்பது நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் "அதுக்குள்ள அந்தக் கதவையும் பார்த்துடலாமே" என்று கை அரிக்கும் பாருங்கள், விடுமுறை காணாமல் போவது அங்கேதான். அந்த நேரத்தைப் படத்துக்கும் புத்தகத்துக்கும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் மூன்றும் நடக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. பாதியில் நின்றாலும் வீட்டில் குடியிருக்க முடிகிற வேலையாக இருக்க வேண்டும், அதனால் தண்ணீர்க் குழாய், வயரிங், கூரை பக்கம் போகவே வேண்டாம். விடுமுறை நாளில் ஏதாவது பிசகினால் ஆள் கிடைக்காது. நான் சொல்வது இது: ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட், அதில் ஒரு புத்தகப் பலகை, பக்கத்தில் ஒரு படிக்கும் விளக்கு. முடித்த அன்றைக்கே பயன்படும்.

பொருள் எல்லாம் விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பட்டி, பிரைமர், எமல்ஷன், 120, 220 நம்பர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ரோலர், பிரஷ், பலகையைத் தாங்கும் எல் ஆங்கிள், திருகாணி, அதற்கேற்ற ராவல் பிளக் (திருகாணி பிடித்து நிற்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்). கடைகள் மூடியிருக்கும் நாளில் ஒரு பாக்கெட் பிளக் இல்லாமல் மூன்று நாள் வேலை நின்றுபோகும். பெரிய சாமானை யாரும் மறப்பதில்லை, இந்தப் பொடிச் சாமான்தான் ஆளைக் கவிழ்க்கும்.

முதல் நாள் சுவரைத் தொடாதீர்கள், பலகையைத் தொடுங்கள். இந்த வரிசை முக்கியம், பலர் தலைகீழாகச் செய்வார்கள். பெயின்ட் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் உள்ளே இறுகப் பல நாள் ஆகும், குளிரில் இன்னும் அதிகம். அவசரப்பட்டுப் புத்தகங்களை அடுக்கினால் அட்டை பலகையோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பெயின்ட்டோடு உரிந்து வரும். அதனால் பலகையை முதல் நாளே தேய்த்து, துடைத்து, பிரைமர் அடித்துக் காயப் போட்டுவிடுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மெல்லிசாக ஒவ்வொரு கோட். விடுமுறை முடிவதற்குள் அது இறுகிவிடும்.

சுவரில் வேலை தொடங்குமுன் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் உள்ள இடத்தில் ஒரு சாண் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைத் தொட்டிருக்கும் பக்கம் ஈரம் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அதன்மேல் என்ன பெயின்ட் அடித்தாலும் உப்பி உரியும். அறைப் பக்கம் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது, ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உள்ளிருந்து வரும் ஓதம் என்றால் இந்த விடுமுறைக்கு வேறு சுவரைப் பாருங்கள்.

குளிர்காலத்துக்கென்றே இன்னொரு விஷயம். தண்ணீர் கலக்கும் எமல்ஷன் பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாகப் படியாது, பொடிப் பொடியாக உதிரும். மரப் பசையும் அப்படித்தான். டப்பாவில் குறைந்தபட்ச வெப்பநிலை போட்டிருக்கும், படியுங்கள். டப்பாவை வெளிக் கொட்டகையில் வைத்து ஒரு தடவை உறைந்துவிட்டால் பிறகு கட்டி கட்டியாகத்தான் இருக்கும், அதை அடிக்க முடியாது.

இனி நாள் கணக்கு. இரண்டாம் நாள் காலை அந்தச் சுவரை ஒட்டிய சாமான்களை மட்டும் நகர்த்துங்கள். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் போடுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் இரண்டு பேராலும் தூக்க முடியாது. உரிந்த இடத்தைச் சுரண்டி, விரிசலில் பட்டி பாருங்கள். ஆழமான குழி என்றால் ஒரேயடியாக அப்பாமல் இரண்டு மூன்று தடவையாக மெல்லிசாக. மொத்தமாக அப்பினால் மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும், பிறகு வெடிக்கும். இவ்வளவுதான் அன்றைய வேலை. கையைக் கழுவிவிட்டுப் படம் போடுங்கள்.

மூன்றாம் நாள் உப்புத்தாள். தேய்த்ததும் சுவரைத் துடைக்காமல் பிரைமர் அடிக்காதீர்கள், அந்தப் பொடியின் மேல் எதுவும் ஒட்டாது. பிரைமர் காயும்வரை புத்தகம். நாலாம் நாள் காலை முதல் கோட், மதியம் ஒரு படம், சாயங்காலம் இரண்டாவது கோட். இடையில் ரோலரைக் கழுவ வேண்டாம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் நாலைந்து மணி நேரம் அப்படியே ஈரமாக இருக்கும், எவ்வளவு தண்ணீரும் எரிச்சலும் மிச்சம் தெரியுமா! மாஸ்கிங் டேப்பை மட்டும் கடைசி கோட் லேசாக ஈரமாக இருக்கும்போதே, பின்பக்கமாக மடக்கி மெதுவாக இழுத்து எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் ஓரம் கிழிந்து பல்லாகத் தெரியும், அப்போது பிளேடால் கோடு கிழித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பலகை மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் அதிகம் அடிபட்ட இடம் இது. ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கமாகப் புத்தகம் அடுக்கினால் 20 முதல் 40 கிலோ வரை இருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு, 18 மில்லிமீட்டர் தடிமனில், 75 சென்டிமீட்டருக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீண்டால் ஒரு வருடத்தில் நடுவில் தொய்ந்துவிடும். தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். அதே பலகையில் தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளியைப் பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதாவது, விலை கூடின பலகை வாங்குவதைவிட நடுவில் ஒரு எல் ஆங்கிள் கூடுதலாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ரசமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள், கண்ணை நம்பாதீர்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளை போடவே கூடாது, ஒயர் அந்த வழியாகத்தான் போகும். எத்தனை மில்லிமீட்டர் பிளக்கோ அத்தனை மில்லிமீட்டர் பிட் (டிரில்லிங் மெஷினில் மாட்டும் துளைக்கம்பி). பிளக்கின் நீளத்தை பிட்டில் அளந்து அங்கே ஒரு துண்டு டேப் சுற்றிவிட்டால் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று தெரியும். துளைக்குக் கீழே ஒரு காகிதத்தை மடித்துப் பை மாதிரி ஒட்டி வையுங்கள், தூள் எல்லாம் அதில் விழும், புதுப் பெயின்ட் அழுக்காகாது. அந்தத் தூளைக் கவனிக்கவும் செய்யுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. செங்கல் சுவர் என்றால் கொஞ்சம் உள்ளே போனதும் டிரில்லிங் மெஷின் சத்தம் மாறி, தூள் செங்காவியாக வர ஆரம்பிக்கும். கடைசிவரை சாம்பலாகவே வந்து பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் நீங்கள் இரண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கும் கலவையில் இறங்கியிருக்கிறீர்கள், பிடி இருக்காது, ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். உள்ளே கூடாக இருக்கும் அட்டைச் சுவர் என்றால் பின்னால் சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதில்தான் முடுக்க வேண்டும். மாட்டியபின் இரண்டு கையாலும் பலகையை அழுத்திப் பாருங்கள். அசைந்தால் புத்தகம் வைக்காதீர்கள்.

அடுக்கும்போது குழந்தைகள் புத்தகம் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டைப் படம் தெரிகிற மாதிரி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்தத்தான் என்பது. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். வெளிச் சுவராக இருந்தால் புத்தகத்துக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், காற்று ஓடாத ஈர இடம்தான் ராமபாணப் பூச்சிக்குப் பிடிக்கும். இறக்கிய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து விரித்துப் பார்க்க இது நல்ல சமயம். பொடித் துளையோ, அரித்த ஓரமோ தெரிந்தால் அதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

படிப்பதற்குப் பத்துப் புத்தகம் எடுத்து வைக்காதீர்கள். மூன்று போதும்: ஒன்று கனமானது, ஒன்று சும்மா ஓடுவது, ஒன்று எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்ட. 200 பக்கப் புத்தகம் என்றால் இரவுக்கு 20 பக்கம், பத்து நாளில் முடிந்துவிடும். ஐம்பது பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் மூடி வைத்துவிடுங்கள், விடுமுறையில் யாருக்கும் கடன் இல்லை. பெயின்ட் அடித்த அறையில் உட்கார்ந்து மட்டும் படிக்காதீர்கள், எதிரெதிர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு வேறு அறைக்குப் போங்கள். விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழ வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட மஞ்சள் ஒளி பல்பு ராத்திரிக்கு இதமாக இருக்கும்.

படத்துக்கு வருவோம். குடும்பத்தோடு படம் பார்ப்பதில் கஷ்டமான பகுதி படம் அல்ல, எந்தப் படம் என்று முடிவு செய்வது. முக்கால் மணி நேரம் ரிமோட்டை உருட்டிவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுவோம். முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர், சின்னப் பிள்ளையில் தொடங்கி. அவர் சொன்னதுதான் படம், மறுப்பு கிடையாது, ஆனால் முந்தின ராத்திரியே சொல்லிவிட வேண்டும். வயதுச் சான்றையும் ஓடும் நேரத்தையும் பெரியவர் யாராவது அப்போதே பார்த்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் 90 நிமிடத்துக்குள் முடிகிற படம் நல்லது. கதை புத்தகமாகவும் இருந்தால் முதலில் படித்துவிட்டுப் பாருங்கள். "அந்த ஆள் இப்படியா இருப்பான்?" என்ற சண்டை இரண்டு நாள் ஓடும்.

டிவியில் ஒரே ஒரு அமைப்பை மாற்றுங்கள். பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 பிரேமில் எடுக்கப்படுகின்றன. டிவி அதற்கு நடுவில் தானாகவே பிரேம்களை உண்டாக்கிச் சேர்க்கும், அதனால்தான் நல்ல படம்கூட சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது. அமைப்புகளில் மோஷன் என்று வரும் இடத்தில் போய் அதை அணைத்துவிடுங்கள். வசனம் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுமுன் வசனத்தைத் தெளிவாக்கும் ஒலி அமைப்பு இருக்கிறதா பாருங்கள். ஹாலில் ஒரு கம்பளமும் எதிரே புத்தகம் நிறைந்த அலமாரியும் இருந்தாலே எதிரொலி குறையும். முழு இருட்டும் வேண்டாம், டிவிக்குப் பின்னால் சின்ன விளக்கு எரிந்தால் கண் அவ்வளவு களைக்காது.

1895 டிசம்பர் 28 அன்று, இதே மாதிரி ஒரு டிசம்பர்க் கடைசி வாரத்தில்தான், பாரீஸில் ஒரு காபிக் கடையின் கீழ்த்தளத்தில் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் போட்டுப் படம் காட்டினார்கள். பத்துப் படம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முதல் கோட்டுக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவில் அந்த மாதிரி காட்சியைப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டிவிடலாம்.

கடைசி இரண்டு நாளைக் காலியாக விடுங்கள், ஏதாவது ஒன்று இழுக்கும், எப்போதும் இழுக்கும். இழுக்கவில்லை என்றால் மிச்சப் பெயின்ட்டை மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் ஊற்றி, மேலே நிறத்தின் நம்பர், எந்தச் சுவர், என்ன தேதி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் யாராவது நாற்காலியை இழுத்துச் சுவரில் கீறுவார்கள், அப்போது தேடுவீர்கள்.