சல்லடை என்று கத்த ஆள் வேண்டும்

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் வெயிலும் வியர்வையும்தான். லட்சுமி அம்மாள் கோப்பை நடக்கிற நாட்களில் டீக்கடையில் கூட பெனால்டி கார்னரைப் பற்றித்தான் பேச்சு. அதே நினைப்பில்தான் 2018 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு கல்லூரிக்கு பிஎச்டி படிக்கப் போன புதிதில், "வெள்ளிக்கிழமை ஹாக்கி மேட்ச் இருக்கு, வர்றியா தம்பி?" என்று பக்கத்து அறை அண்ணன் கூப்பிட்டதும் அரைக்கைச் சட்டையோடு கிளம்பிவிட்டேன். உள்ளே போனால் ஐஸ். மூன்று பீரியட், ஒவ்வொன்றும் இருபது நிமிடம், நடுவில் இரண்டு நீண்ட இடைவேளை. இரண்டரை மணி நேரம் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சுற்றியிருந்த ஆயிரம் பேர் ஒரே நொடியில் ஒரே வார்த்தையைக் கத்தியது மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது. அடுத்த வாரமும் போனேன், அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய பழுப்புக் குரங்குக் குல்லாயோடு.

மூன்று வருடம் கழித்து அதே கேலரியில் பாதி காலி. வந்தவர்களும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணிக்கு கோல் விழுந்தால் கைதட்டல், அவ்வளவுதான். அந்தப் பழைய கூச்சலைத் திரும்பக் கிளப்ப நாங்கள் ஐந்தாறு பேர் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். உங்கள் கல்லூரியிலும் இந்த நிலைமை என்றால் உதவும்.

முதலில் எங்கே அறுந்தது என்று பாருங்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை' என்று பழைய மாணவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். கல்லூரி கேலரிக்கு ஆயுள் நான்கு வருடம். நான்காம் ஆண்டுக்காரன் கத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் முதலாண்டுக்காரன் கற்றுக்கொள்கிறான். வேறு பாடப்புத்தகம் கிடையாது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த வாரம் கார்னெல் பல்கலைக்கழக அணி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது, அதற்கும் தேசியப் போட்டி கிடைக்கவில்லை. அடுத்த சீசனில் ஐவி லீக் கல்லூரிகள் (கார்னெல், ஹார்வர்டு போன்ற பழைய தனியார் பல்கலைக்கழகங்கள்) ஆடவே இல்லை. அவை ஆடுகிற ஈசிஏசி லீக்கில் மொத்தம் நான்கு அணிகள்தான் களமிறங்கின. கணக்குப் போடுங்கள். 2021 இலையுதிர் காலத்தில் கேலரி திறந்தபோது, முதலாண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரு கூச்சலைக் கூடக் கேட்டதில்லை. பாதிப் பேருக்கு எதுவும் தெரியாது, தெரிந்த பாதியில் ஒரு பாதி அடுத்த மே மாதம் பட்டம் வாங்கிக் கிளம்பிவிடும்.

இங்கேதான் பிஎச்டி மாணவனுக்கு வேலை. நான்கு வருடத்தில் போகாத ஒரே ஜென்மம் அவன்தான். (ஆறு வருடம் இருந்தேன். வழிகாட்டியின் தயவு.) உங்கள் துறையில் பழைய ஆட்டங்களைப் பார்த்த ஆராய்ச்சி மாணவர், ஆய்வக உதவியாளர், பேண்டு வாசித்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். நான்கு பேர் கிடைத்தால் போதும்.

காரணங்கள் வேறும் உண்டு. டிக்கெட் போனுக்குப் போய்விட்டது. ஆட்டம் அறையிலேயே திரையில் தெரிகிறது. அதையெல்லாம் உங்களால் மாற்ற முடியாது, விடுங்கள். ஒரு ஆட்டம் முழுக்க ஐஸைப் பார்க்காமல் கேலரியை மட்டும் பாருங்கள். ஆட்டம் தொடங்க பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) விழும்போது எத்தனை வரிசை நிறைந்திருக்கிறது, இரண்டாம் இடைவேளைக்குப் பிறகு எத்தனை மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கேலரியில் ஆள் வராதது பிரச்சினையே இல்லை. இரண்டாம் இடைவேளையில் பீட்சா வாங்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை, அதுதான் பிரச்சினை. அதை அறியாமல் மாதக்கணக்கில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் இடம். இது நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும். அதனால் எதிரணி கோல்கீப்பர் முதல் பீரியடிலும் மூன்றாவதிலும் ஒரே முனையில் நிற்பார். உங்கள் ஆட்கள் அந்த முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஹாக்கி கேலரியின் மொத்தக் கேலியும் அந்த ஒரு ஆளை நம்பித்தான் இருக்கிறது. அவருக்குக் கேட்காத தூரத்தில் உட்கார்ந்து கத்துவது, பஸ் போன பிறகு கை காட்டுவது மாதிரி. எங்கள் விளையாட்டு அலுவலகம் மாணவர்களை நடுக்கோட்டுப் பக்கம் உட்கார வைத்திருந்தது. நல்ல இருக்கை கொடுத்த நினைப்பு அவர்களுக்கு. பேசிப் பார்த்தோம், முனையிலிருந்த நான்கு வரிசை கிடைத்தது. வேண்டியது அதுதான்.

இப்போது கூச்சல். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித்தர வேண்டாம். முதல் மாதம் இரண்டே இரண்டு போதும்.

ஒன்று, செய்தித்தாள். எதிரணி வீரர்களின் பெயரை ஒவ்வொன்றாக அறிவிக்கும்போது மொத்தக் கேலரியும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'போரிங்!' என்று ஒரு சத்தம். இதற்குப் பேர்போன இடம் கார்னெலின் ஐஸ் அரங்கமான லைனா ரிங்க். 1957-ல் கட்டியது. இருக்கை 4,000-க்குச் சற்று அதிகம்தான், ஆனால் சத்தம் இருபதாயிரம் பேருக்குச் சமம். இதில் எங்களுக்கு வந்த சிக்கல், செய்தித்தாளே இல்லை. அச்சுத் தாள் வாங்குகிற மாணவன் ஒருவனும் கிடைக்கவில்லை. கடைசியில் சூப்பர் மார்க்கெட் வாசலில் இலவசமாகக் கிடக்கும் தள்ளுபடித் தாளை ஒரு கட்டு அள்ளி வந்தேன். வெளியூர் அணி அறிமுகமாகும்போது எதிரே இருநூறு பேர் கோழித் தொடை விலையையும் ஆரஞ்சு விலையையும் உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அணியின் கோல்கீப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழைய மாணவர்கள் சிலர் 'மரபு கெட்டது' என்று முணுமுணுத்தார்கள். என் கருத்து வேறு. தாள் எதுவானாலும் அலட்சியம் நிஜமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். படித்து முடித்ததும் கசக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஐஸ் பக்கம் போகக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, சல்லடை. எதிரணி கோல்கீப்பர் கோல் விட்டதும் எல்லாரும் அவரை நோக்கி விரலை நீட்டி ஆங்கிலத்தில் 'சல்லடை, சல்லடை' என்று இழுத்துக் கத்துவது. ஓட்டை என்று அர்த்தம். அதன் ருசி வேகத்தில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. கோல் விழுந்ததும் முதலில் குதியுங்கள், பேண்டு தன் பாட்டை வாசிக்கட்டும். பேண்டு நின்று, கோல்கீப்பர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குனிகிற அந்த அமைதியில் ஆரம்பியுங்கள். அப்போதுதான் அவர் காதில் விழும். எங்கள் ரிங்கில் இதற்கு இடையூறு ஒலிபெருக்கி. விசில் ஊதிய மறுநொடி ஏதாவது ஒரு பாட்டை அலற விடுவார்கள். கேலரி வாயைத் திறக்கும் முன்பே அந்த இடைவெளி போய்விடும். அலுவலகத்திடம் 'பாட்டே வேண்டாம்' என்று கேட்காதீர்கள், ஸ்பான்சர் கதை சொல்வார்கள். 'கோலுக்குப் பிறகு முப்பது வினாடி மட்டும் பேண்டுக்குக் கொடுங்கள்' என்று கேளுங்கள். எங்களுக்கு மூன்றாவது சந்திப்பில் கிடைத்தது. பேண்டுத் தலைவரையும் கூடவே கூட்டிப் போனது நல்லதாகப் போயிற்று.

இந்த இரண்டும் படிந்த பிறகு மற்றவை தானாக வரும். ஒவ்வொரு கோலுக்கும் இதுவரை அடித்ததை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, ஜெயிப்பது உறுதியானதும் சாவிக்கொத்தைக் குலுக்கி 'பஸ்ஸைக் கிளப்புங்கள்' என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வது, இப்படி. அந்தந்த ஊருக்கென்று இருப்பதையும் தேடிப் பிடியுங்கள். கார்னெலில் தேசிய கீதத்தில் சிவப்பு என்ற சொல் வரும்போது மொத்த அரங்கமும் அந்த ஒரு சொல்லை மட்டும் அலறும், அது அவர்கள் நிறம். கோல்கேட் கல்லூரி வந்தால் பற்பசையை ஆட்டுவார்கள். இன்னொரு ஊருக்காரர் இதைக் காப்பியடித்தால் ஒட்டாது.

கெட்ட வார்த்தை விஷயம். பெனால்டி பாக்ஸுக்கு (தண்டனை பெற்றவர் ஆட்டத்தை விட்டு உட்காரும் கூண்டு) போகிற வீரரை வழியனுப்பும் கூச்சல்களில் முக்கால்வாசி வீட்டில் சொல்ல முடியாதவை. அலுவலகம் தடை போட்டால் பிடிவாதம் பிடிக்காதீர்கள், மாற்று வார்த்தை கண்டுபிடியுங்கள். தடையை எதிர்த்துச் சண்டை போட்டதில் எங்களுக்கு ஒரு முழு டிசம்பர் வீண். குடும்பத்தோடு வருபவர்கள் கேலரிக்குப் பக்கத்து வரிசைகளைக் காலி செய்துவிட்டார்கள், அதனால் சத்தம் இன்னும் சிறுத்ததுதான் மிச்சம். வீரரின் தாய், காதலி, நாடு, நிறம் இதிலெல்லாம் கை வைப்பவனை அங்கேயே உட்கார வையுங்கள். பக்கத்தில் இருப்பவன் முறைத்தாலே போதும், காவலர் தேவையில்லை.

எறிவது பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஹார்வர்டு அணி லைனாவுக்கு வந்தால் கார்னெல் மாணவர்கள் ஐஸில் மீனை எறிவது 1970-களிலிருந்து இருக்கிறது. கோழியில் தொடங்கிய பகை அது, கார்னெலின் வேளாண் கல்லூரியைக் கேலி செய்ய ஹார்வர்டு பக்கம் கோழியைக் கொண்டு வந்ததற்குப் பதிலடி. கேட்கக் குஷியாக இருக்கும். ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகு ஐஸில் ஏதாவது விழுந்தால் நடுவர் உள்ளூர் அணிக்கே இரண்டு நிமிடத் தண்டனை கொடுக்கலாம். சத்தம் போட்டுச் சொந்த அணியை ஜெயிக்க வைக்க வந்தவர்கள் ஒரு ஆளைக் குறைத்துவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? எங்களில் ஒருவன் ஒருமுறை கசக்கிய தள்ளுபடித் தாளை எறிந்து, அந்த இரண்டு நிமிடத்தில் கோல் வாங்கினோம். அவனை யாரும் திட்டவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து அவனே வாசலில் நின்று 'எறியாதீர்கள்' என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

எல்லா ஆட்டத்தையும் நிரப்ப முயல வேண்டாம். சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தைத் திருவிழாவாக்குங்கள். டிராய் நகரில் ஆர்பிஐ (ரென்சலியர் பாலிடெக்னிக்) கல்லூரி வருடத்துக்கு ஒரு ஆட்டத்தை அப்படி 1970-களின் பிற்பகுதியிலிருந்து நடத்தி வருகிறது. அன்றைக்கு மட்டும் வருபவனும் ஒரு கூச்சலைக் கற்றுக்கொண்டுதான் போவான். எங்கள் திருவிழா பிப்ரவரியில், அது செமஸ்டர் சூடு பிடிப்பதற்கு முந்தைய வாரம். தேர்வு வாரத்தில் வைத்து ஒருமுறை ஏமாந்திருக்கிறோம்.

வரிசையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒருகாலத்தில் சீசன் டிக்கெட்டுக்குப் படுக்கையோடு வந்து வரிசையில் தூங்குவார்களாம். அந்த ராத்திரிகளில்தான் புதியவர்கள் பழையவர்களைத் தெரிந்துகொண்டார்கள். இணையத்தில் ஒரு நிமிடத்தில் வாங்கும் டிக்கெட்டில் அந்த அறிமுகம் இல்லை. நாங்கள் செய்தது சின்ன விஷயம்: முனையிலிருந்த நான்கு வரிசைக்கு இருக்கை எண் கிடையாது, முதலில் வருபவருக்கே இடம். கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில் ஹாட் சாக்லேட். குளிரில் நின்றவர்கள் பேசத்தானே வேண்டும்? அங்கேயே ஒரு வேலையையும் முடித்துவிடலாம். மூன்று புதியவர்களுக்கு நடுவில் தெரிந்த ஒருவர் வருகிற மாதிரி வரிசையைக் கலைத்து விடுங்கள். நண்பர்கள் கும்பலாக உட்கார்ந்தால் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பெண்கள் அணி ஆட்டத்தையும் விடாதீர்கள். எங்கள் கல்லூரியில் அதற்கு நுழைவு இலவசம், கூட்டம் குறைவு. முப்பது பேர் போனால் வீராங்கனைகள் கேலரிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு மிகவும் விசுவாசமாக வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே பிடிபட்டவர்கள்தான்.

உடைக்கு ஒரு வார்த்தை. உள்ளே சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்சி. காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். காதை மூடுங்கள். என் குரங்குக் குல்லாயைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், அப்புறம் 'குல்லா எங்கே நிற்கிறதோ அங்கே நில்' என்று புதியவர்களுக்கு வழி சொல்லவே அதைப் பயன்படுத்தினார்கள். தூரத்திலிருந்து கண்டுபிடிக்க ஒரு அடையாளம் யாரிடமாவது இருக்கட்டும்.

2024 பிப்ரவரி, என் கடைசித் திருவிழா ஆட்டம். எதிரணி கோல்கீப்பர் தூரத்தில் ஐஸில் வரைந்திருக்கும் நீலக் கோட்டிலிருந்து வந்த ஷாட் ஒன்றை காலிடுக்கில் விட்டார். பேண்டு நின்றது, அவர் பாட்டிலுக்குக் குனிந்தார், நானூறு பேர் விரலை நீட்டினார்கள். 'ஸீஈஈவ்!' எனக்குப் பின்னால் நின்ற பழைய மாணவர் ஒருவர், அறுபது வயதிருக்கும், திடுக்கிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "அது ஸிவ் இல்லையா? இவர்களுக்கு ஸீவ் என்று யார் சொல்லிக்கொடுத்தது?" ஆங்கில எழுத்தைப் பார்த்து நெடிலாக நினைத்துக்கொண்டவன் நான்தான். மூன்று சீசனாக என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.