ஊரில் வானம் பார்க்கும் குழு தொடங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து சில வருஷமாக வானம் பார்த்து வருகிறோம். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு மருந்துக்கடைக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்று கலவையான கூட்டம். பள்ளத்தூர், தேவகோட்டை, கண்டனூர் என்று பல ஊர்களில் இருந்தும் இப்போது கேட்கிறார்கள்: "நாங்களும் ஒரு குழு தொடங்கலாம்னு இருக்கோம், எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?"

முதல் தவறே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. டெலஸ்கோப்பை வைத்துக் குழு தொடங்கினால், வாங்கிய மாதம் தெருவே திரண்டு வரும், மூன்றாம் மாதம் நாலு பேர் நிற்பார்கள், அப்புறம் அது யாரோ ஒருவர் வீட்டுப் பட்டாலையில் துணி போர்த்திக் கிடக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கருவியைத் திருப்பினால் நிலாவைத் தவிர ஒன்றும் சிக்காது. முதல் ஆறு மாதம் வெறும் கண்ணும் ஒரு 10x50 பைனாகுலரும் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 50 மில்லிமீட்டர்) போதும். தை, மாசி மாதத்தில் இருட்டிய பிறகு தலைக்கு மேலே பார்த்தால் கார்த்திகைக் கூட்டம், அதற்குப் பக்கத்தில் சிவந்த ரோகிணி, கொஞ்சம் கிழக்கே தள்ளி மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும் ஓரியன், அதன் தோளில் திருவாதிரை. பெயரெல்லாம் நம் வீட்டு நாள்காட்டியில் தினமும் பார்ப்பதுதான், ஆளைத்தான் பார்த்ததில்லை. "என் நட்சத்திரம் எது, காட்டுங்க" என்று கேட்காதவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்த ஆசையில் தொடங்குங்கள்.

நாம் இருப்பது கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சரேகை. இதை மறந்துவிட்டு ஐரோப்பியப் புத்தகத்தையோ அமெரிக்க வீடியோவையோ அப்படியே பின்பற்றுவது அடுத்த தவறு. அவர்கள் துருவ நட்சத்திரத்தில் இருந்து ஆரம்பிப்பார்கள். நமக்கு அது அடிவானத்தில் இருந்து 10 டிகிரி உயரத்தில், யாராவது ஒருவர் வீட்டுத் தென்னைக்குப் பின்னால்தான் இருக்கும். அதற்குப் பதில் அவர்களில் பலர் ஊரில் எழாத செல்வம் நம் தெற்கு வானத்தில் இருக்கிறது. மாசி இரவில் அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ், சித்திரை வைகாசியில் தென்சிலுவை, அதற்கு மேலே ஒமேகா செண்டாரி என்ற சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களின் பந்து. ஒமேகா செண்டாரி பைனாகுலரிலேயே பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். எரிகல் பொழிவிலும் இதே கதைதான். ஆகஸ்ட் பெர்சீட்ஸ் பற்றி ஊடகங்கள் பெரிதாக எழுதும், ஆனால் அது புறப்படும் திசை நமக்கு நடுராத்திரி வரை வடக்கே தாழ்ந்தே இருக்கும். டிசம்பர் 14 வாக்கில் வரும் ஜெமினிட்ஸ் நமக்கு நன்றாகவே உயரும், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மணிக்கு 120 விழும் என்ற கணக்கு, மாசே இல்லாத இருட்டில் அந்தத் திசை உச்சந்தலைக்கு மேலே இருந்தால் என்ற கணக்கு. அதைச் சுவரொட்டியில் போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஏமாற்றாதீர்கள்.

சரி, கருவிக்கு வருவோம். பெட்டியின் மேலே 675 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். கருவியின் முன் வில்லை (லென்ஸ்) அல்லது ஆடி (கண்ணாடி) எத்தனை மில்லிமீட்டர் அகலமோ அதைப் போல இரண்டு மடங்குதான் உருப்படியான பெருக்கத்தின் எல்லை. 70 மில்லிமீட்டர் கருவிக்கு 140. அதைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும். அதைவிட முக்கியம், தாங்கி ஆடக்கூடாது. விலை குறைந்த ஈக்குவடோரியல் மவுண்ட், அதாவது துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்த அச்சில் சுழலும் தாங்கி, நம் அட்சரேகையில் படுத்தும் பாடு தனி. துருவ அச்சை 10 டிகிரிக்கு இறக்கினால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும், சில மாடல்கள் அவ்வளவு தாழ இறங்கவே இறங்காது.

டாப்சோனியன் வகைதான் நமக்குச் சரி என்பது என் கருத்து. ஒரு மரப்பெட்டி, அதில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுழலும் குழாய், அவ்வளவுதான். இதை மக்களிடம் கொண்டு போனவர் ஜான் டாப்சன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வேதாந்த சங்கத்தின் மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். வெளியே வந்த மறுவருஷம் நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவைத் தொடங்கி, தெருமுனையில் கருவியை நிறுத்திப் போகிறவர் வருகிறவரை எல்லாம் அழைத்துக் காட்டினார். எங்கள் ஆறு அங்குல டாப்சோனியனின் பெட்டியைச் செய்தவர் உள்ளூர் ஆசாரி. கதவு நிலைக்கு வேலை செய்த கை அல்லவா, இழைப்பும் மூட்டும் அவ்வளவு நேர்த்தி. ஆனால் நாங்கள் கனத்த பலகையாகக் கொடுத்துவிட்டோம், தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மறுபடி செய்த பிறகுதான் அது ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. ஆடியை வேட்டித் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஐபீஸ்களை (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன வில்லைகளை) மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

நாள் குறிப்பதில் எல்லோரும் செய்யும் தவறு பௌர்ணமி. நிலா பெரிதாக இருக்கிறது, கூட்டமும் வரும் என்று தோன்றும். ஆனால் முழுநிலாவில் வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, தட்டையான வெள்ளைத் தட்டுதான் தெரியும், அந்த வெளிச்சத்தில் மற்ற எதுவும் தெரியாது. வளர்பிறை சப்தமி, அஷ்டமி பக்கம் வையுங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு குழி குழியாக நிற்கும். அப்படி ஒரு அஷ்டமியில் ஒரு ஆச்சி கண்ணை வைத்துவிட்டு வெகுநேரம் நகரவே இல்லை. "என்னப்பா, அம்மை போட்ட மொகம் மாதிரில்ல இருக்கு" என்றார்கள். அதைவிட நல்ல வர்ணனையை நான் எங்கும் படித்ததில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள் போவதும் வளர்பிறையில்தான். வழியில் அவர்கள் சாயங்காலம் தங்கும் இடத்தில் ஒரு கருவியை வைத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

இடம். மொட்டைமாடி வசதி என்று நினைக்கிறோம், பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது ராத்திரி பத்து மணி வரை விட்டுக்கொண்டே இருக்கும், வியாழன் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரியும். வயதானவர்களுக்குப் படி ஏறவும் முடியாது. ஊருணிக் கரையோ கோயில் பொட்டலோ மேல். ஹைமாஸ் விளக்கு நேரே கண்ணில் படாத பக்கமாகப் பாருங்கள். முன்கூட்டியே பகலில் போய்த் தரையைப் பார்த்துவிட்டு வாருங்கள், புதர் ஓரம் வேண்டாம், பாம்பு நடமாட்டம் இருக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், யாராவது ஒருவர் செல்போன் டார்ச்சை அடித்தால் அத்தனையும் போச்சு. சிவப்பு செலோபன் தாள் சுற்றிய டார்ச் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை நடத்துவது தனிக்கலை. நூறு பேர், ஒரு கருவி, ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றால் கடைசி ஆள் பார்க்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும். மோட்டார் இல்லாத கருவியில் நூறு மடங்கில் பார்த்தால் பூமி சுழல்வதால் சனி இரண்டே நிமிஷத்தில் பார்வையை விட்டு ஓடிவிடும். இரண்டு பேருக்கு ஒருமுறை சரிசெய்ய ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இது தெரியாமல் முதல் நிகழ்ச்சியில் பாதிப் பேருக்கு வெறும் கறுப்பு வானத்தைக் காட்டி அனுப்பினோம். அவர்களில் பலர் மரியாதைக்கு "தெரியுது தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது பிறகுதான் புரிந்தது, இன்றும் அது உறுத்துகிறது. இப்போது "என்ன தெரியுது?" என்று கேட்கிறோம். "வியாழன் பக்கத்துல எத்தனை புள்ளி?" என்று கேட்டால் உண்மையில் பார்த்தவர் எண்ணிச் சொல்வார். 1610-ல் கலிலியோ எண்ணியதும் அந்த நாலு நிலாக்களைத்தான்.

இன்னொன்று, படத்தில் உள்ள வண்ணத்தை எதிர்பார்க்க வைக்காதீர்கள். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். அந்தப் புகை சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள், சாம்பல் நிறமே போதும். சனியும் அப்படித்தான். 2025 மார்ச்சில் அதன் வளையம் விளிம்பாக நம் பக்கம் திரும்பியது. வளையம் மறுபடி நன்றாக விரிய சில வருஷம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். சூரியன் விஷயத்தில் அது கிடையாது. விழித்திரைக்கு வலி தெரியாது, கருகும்போதும் பிள்ளை சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே பிலிம், கரி பிடித்த கண்ணாடி, சிடி, கூலிங்கிளாஸ் எதுவும் ஆகாது. வெல்டிங் கண்ணாடி என்றால் 14-ஆம் எண் மட்டும். கிரகணக் கண்ணாடியை முதலில் வீட்டு விளக்கில் பிடித்துப் பார்த்து ஓட்டை, கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டெலஸ்கோப்பிலோ பைனாகுலரிலோ பார்க்கவே கூடாது. வடிகட்டி குழாயின் முன்பக்கம்தான் இருக்க வேண்டும். ஐபீஸில் திருகும் சின்னச் சூரிய வடிகட்டி குவிந்த சூட்டில் சட்டென்று வெடிக்கும், பழைய பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் உடைத்துவிடுங்கள். கூடவே இருக்கும் சின்ன ஃபைண்டரை (இலக்கைத் தேடிப் பிடிக்க உதவும் குட்டிக் குழாயை) கழற்றி வையுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில், சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணம் நம் காரைக்குடி வழியாகவே போனது. அன்றைக்கு நாங்கள் செய்த பெரிய தவறு கருவியில் இல்லை, பேச்சில். கிரகணத்தன்று மட்டும்தான் உலக்கை தானாக நிற்கும் என்ற நம்பிக்கையில் ஒரு வீட்டு வாசலில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அன்று வெளியே வரவே இல்லை. அவ்வளவு அபூர்வமான வளையத்தை, வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டியதை, எங்கள் சிரிப்பால் இழந்தார்கள். பிறகு ஒரு நாள் போய்ப் பேசி, கிரகணம் இல்லாத சாதாரண நாளில் அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டோம். நின்றது. அடி தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும் என்று அந்த வீட்டு அப்பத்தாவே சொன்னார்கள். கேலியால் ஆகாதது அந்த ஐந்து நிமிஷத்தில் ஆனது.

கிரகணத்தன்று கண்ணாடி போதாவிட்டால் இடியாப்பத் தட்டை வெயிலில் பிடியுங்கள். ஒவ்வொரு துளைக்கும் தரையில் ஒரு குட்டிச் சூரியன் விழும். வேப்பமரத்தடியிலும் அப்படித்தான், அன்று மண்ணெல்லாம் மோதிரம் இறைத்தாற்போல இருந்தது. சூரியனைப் பார்க்காமலே சூரியனைப் பார்க்கும் வழி. நமக்கு அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21-ல் தென் தமிழ்நாடு வழியாகவே வருகிறது.

மக்கள் மொழியில் சொல்வது புதிதல்ல. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்து 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற, வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874-ல் வெள்ளி சூரியனைக் கடக்கப் போவதைப் பொதுமக்களுக்கு விளக்கவே சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். ஜோசியம் பற்றிக் கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள், சனியையே காட்டிவிடுங்கள். செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும் என்று ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய்ச் செய்தி, 2003-ல் செவ்வாய் நெருங்கி வந்ததில் இருந்து கிளம்பியது. அதைக் குழுவின் பெயரில் யாரும் அனுப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நோட்டு வைக்காதது எங்கள் தவறுகளிலேயே எனக்கு அதிகம் வலிப்பது. 2019 கடைசியில் திருவாதிரை வழக்கத்தைவிட மங்க ஆரம்பித்தது, 2020 பிப்ரவரியில் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும் அளவுக்குப் போனது. உலகம் முழுவதும் வெறும் கண்ணால் மதிப்பிட்டவர்களின் குறிப்புகளும் அதைப் பற்றிய பதிவுகளில் சேர்ந்தன. எங்கள் குழுவில் ஒரு பையன் ஜனவரியிலேயே "ரோகிணியும் திருவாதிரையும் ஒரே மாதிரி இருக்குண்ணே" என்றான். கேட்டுக்கொண்டோம், யாரும் எழுதவில்லை. தேதி, நேரம், எந்த இரண்டு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டது, மேகம் இருந்ததா என்ற நாலு வரி எழுதியிருந்தால் இந்த ஊரில் இருந்தும் ஒரு பதிவு போயிருக்கும். இப்போது எண்பது பக்க நோட்டு ஒன்று கருவிப் பெட்டியோடு கட்டியே இருக்கிறது.

கடைசியாக, ஆள் விஷயம். கருவியின் சாவியும் கையாளும் பழக்கமும் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன அன்று குழுவும் போய்விடும், நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறைந்தது மூன்று பேருக்குக் கற்றுக்கொடுங்கள், அதில் ஒருவராவது பள்ளியில் படிக்கிறவராக இருக்கட்டும். நேரத்தையும் யோசியுங்கள். நாங்கள் முதலில் ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்குவோம், கடைசி பஸ் போய்விடும் என்று பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். நம் ஊரில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் நன்றாக இருட்டிவிடும், ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தால் தாராளமாகப் போதும். அப்படி மாற்றிய பிறகு வரத் தொடங்கிய பிளஸ் ஒன் மாணவி ஒருத்திதான் இப்போது ஃபைண்டரைச் சரிசெய்கிறாள், நோட்டும் அவளிடம்தான் இருக்கிறது.