தோள் லிகமென்ட் சீரமைப்புக்குப் பின் மீண்டும் கபடி ஆடுவது எப்படி?

ரெய்டரைப் பிடிக்க நீட்டிய கை பின்னோக்கி இழுபட்டுத் தோள் மூட்டு நழுவும்போது, மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பில் உள்ள லேப்ரமும் (கிண்ணத்தைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம்) அதனோடு இணைந்த லிகமென்ட்டும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) எலும்பிலிருந்து பெயர்ந்துவிடக்கூடும். ஆர்த்ராஸ்கோபி, அதாவது சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவை, வழியாகச் செய்யப்படும் பேங்கார்ட் சீரமைப்பில், நூல் கோத்த சிறு ஆங்கர்களை (பிடிப்பாணிகளை) எலும்பில் பதித்து, பெயர்ந்த திசுக்களை மீண்டும் இழுத்துக் கட்டுகிறார்கள். வெளியே தெரியும் தழும்புகள் சிறியவை என்றாலும், திசு எலும்போடு ஒட்டி உறுதிப்பட ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும்.

முதல் 4 முதல் 6 வாரங்கள் உறக்கத்திலும் ஸ்லிங்கை (கையைத் தாங்கும் தூளியை) கழற்றாதீர்கள். படுக்கும்போது முழங்கை உடலுக்குப் பின்னால் சரியாதபடி அதன் அடியில் மடித்த துண்டை வையுங்கள். சட்டை அணியும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுங்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் விரல்களையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். பந்தெறிய ஓங்குவதுபோல் கையை விலக்கி வெளிப்புறம் திருப்புவது மட்டும் கூடவே கூடாது.

ஸ்லிங் கழன்ற பின் வரும் ஆறு வாரங்களே உண்மையில் ஆபத்தானவை. ஏனெனில் வலி குறைந்திருக்கும், ஆனால் திசு இன்னும் முழுமையாக ஒட்டியிருக்காது. எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன் என்று அக்கறையோடு வருபவர்களிடமும் கையைக் கொடுக்காதீர்கள். அசைவுகளை பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்குள் மெல்ல மீட்பதே போதும்.

மூன்று மாதங்களுக்குப் பின் ரப்பர் பேண்டு கொண்டு தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகளையும் தோள்பட்டைத் தசைகளையும் வலுவாக்கலாம். தண்டாலைச் சுவரில் தொடங்கி, மேசைக்கு மாறி, பிறகே தரைக்கு வாருங்கள்.

களத்துக்குத் திரும்பப் பொதுவாக 6 மாதங்களோ அதற்கு மேலோ ஆகும் என்றாலும், நாள்காட்டியை மட்டும் நம்ப முடியாது. வலியின்றி முழு அசைவு இருக்க வேண்டும். வலிமை மறுகையின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். கையை ஓங்கிய நிலையில் மூட்டு நழுவிவிடுமோ என்ற அச்சம் எழக் கூடாது. இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கு மீண்டும் நழுவும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் அவசரப்படவே கூடாது.

முதலில் தொடுதலற்ற ரெய்டு, பிறகு மெதுவாக நகரும் துணையிடம் கணுக்கால் பிடி என்று படிப்படியாகச் செல்லுங்கள். கை கோத்துப் பிடிக்கும் செயினைக் கடைசியில் வையுங்கள். அங்கே உங்கள் தோளை வெட்டி இழுப்பது ரெய்டர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் உங்கள் அணிக்காரரும்தான்.