அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் எடுக்கும்முன் முதலாளியின் மதத்தையும் கொஞ்சம் பாருங்கள்

புதிதாக வருபவர்களுக்கு டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும்முன் நாமே கட்டும் தொகை), கோபே (ஒவ்வொரு தடவையும் நாம் கட்டும் பங்கு), இன்-நெட்வொர்க் (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரி) பற்றியெல்லாம் சொல்லித்தர இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் உடனே பதில் வந்துவிடும். ஆனால் உங்கள் இன்ஷூரன்ஸில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முதலாளியின் மதநம்பிக்கையும் தீர்மானிக்கலாம், பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் மதமும் தீர்மானிக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. நம்மில் வருபவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். அவர்களைத்தான் இது நேராகப் பாதிக்கிறது. அதனால் இதை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே மருத்துவக் காப்பீடு ஏன் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது என்றால், அது இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சமாச்சாரம். 1942-இல் அரசாங்கம் சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக இன்ஷூரன்ஸ் கொடுத்து ஆள் பிடித்தன. 1954-இல் வரிச் சட்டம் அந்தப் பணத்துக்கு வரிவிலக்கை உறுதிசெய்தது, வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. ஹெச்1பி வேலை விசாவில் வருபவருக்கு அந்த விசாவும் அந்த வேலையில்தான், குடும்பத்தின் வைத்தியச் செலவும் அந்த வேலையில்தான். பிடிக்கவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று சொல்வது இங்கே பிறந்தவனுக்கு எளிது, நமக்கு இல்லை.

2010-இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், கருத்தடை முறைகளைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும் என்ற விதி 2012-இல் நடைமுறைக்கு வந்தது. தேவாலயங்களுக்கு மட்டும் விலக்கு. அப்புறம் ஹாபி லாபி வழக்கு வந்தது. நவராத்திரி கொலு அலங்காரத்துக்குச் சாமான் வாங்க நம்மவர்கள் போகிறார்களே, அதே கைவினைப் பொருள் கடைதான். ஒக்லஹோமாவைச் சேர்ந்த அதன் உரிமையாளர் குடும்பம், அங்கீகரிக்கப்பட்ட 20 கருத்தடை முறைகளில் 4 தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிரானவை, அவற்றுக்குப் பணம் கட்ட மாட்டோம் என்று வழக்குப் போட்டது. 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சிலர் கையில் இருக்கும் வியாபார நிறுவனத்துக்கும் மதநம்பிக்கையைச் சொல்லி விலக்கு கேட்கும் உரிமை வந்துவிட்டது. 2017-இல் டிரம்ப் அரசு அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறந்தது. அப்படி விதி போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று சொன்னது. வழக்குகள் அதோடு ஓயவில்லை.

இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. முதலாளி எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடட்டும். ஆனால் இன்ஷூரன்ஸ் அவர் போடும் பிச்சை இல்லை, உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தின் ஒரு பகுதி. சம்பளப் பணத்தில் நான் என்ன வாங்குகிறேன் என்று கேட்க உரிமை இல்லாதவருக்கு, என் மாத்திரைச் சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க உரிமை எங்கிருந்து வந்தது? அதே சமயம், பிட்ஸ்பர்கில் 1976-லேயே வேங்கடேசப் பெருமாளுக்குக் கோயில் எழும்ப முடிந்ததும் இந்த நாட்டின் மதச் சுதந்திரத்தால்தான். அந்தச் சுதந்திரம் வேண்டும். அது அடுத்தவர் உடம்பின்மேல் அதிகாரமாக மாறுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஐடி கன்சல்டிங் கம்பெனிகளில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. கத்தோலிக்க ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ப்ராஜெக்ட் செய்தாலும், இன்ஷூரன்ஸ் கொடுப்பவர் உங்களுக்குச் சம்பளம் போடும் கம்பெனிதான், க்ளையன்ட் இல்லை. கவனிக்க வேண்டியவர்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கு வருபவர்கள், மத அமைப்புகள் நடத்தும் ஆஸ்பத்திரிகளில் ரெசிடென்சிக்கோ (டாக்டர்களுக்கான பயிற்சி வேலை) நர்ஸ் வேலைக்கோ வருபவர்கள், பக்திமிக்க ஒரு குடும்பத்தின் சொந்த நிறுவனத்தில் சேர்பவர்கள்.

ஹெச்.ஆர். அனுப்பும் சுருக்கத் தாளில் கட்டம் கட்டமாக, எதற்கு எவ்வளவு நீங்கள் கட்ட வேண்டும் என்று இருக்கும். தடுப்பு மருத்துவம் என்ற வரிசைக்கு நேராகக் 'கட்டணம் இல்லை' என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், கருத்தடை அதற்குள் இருக்கிறதா என்று அந்தத் தாளில் தெரியாது. 'சம்மரி ப்ளான் டிஸ்கிரிப்ஷன்' என்ற பெரிய ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைப் பிடிஎஃப்-இல் திறந்து 'கான்ட்ராசெப்டிவ்' (கருத்தடை), 'ஸ்டெரிலைசேஷன்' (குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்), 'இன்ஃபெர்டிலிட்டி' (குழந்தையின்மை) என்று மூன்று சொற்களையும் தேடினால் போதும். விலக்குகள் பகுதியில் அவை வந்தால் விஷயம் புரிந்துவிடும். இது செல்ஃப்-ஃபண்டட் திட்டமா என்பதையும் கேளுங்கள். பல மாநிலங்கள் கருத்தடைக்குக் காப்பீடு கட்டாயம் என்று தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. ஆனால் நிறுவனமே தன் பணத்தில் நடத்தும் செல்ஃப்-ஃபண்டட் திட்டத்தை 1974-ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்தால் மாநிலங்கள் தொட முடியாது.

இன்ஷூரன்ஸ் சரியாக இருந்தும் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. நமக்கு மிஷன் ஆஸ்பத்திரி என்றாலே ஒரு நம்பிக்கை. வேலூர் சி.எம்.சி.யைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் புனிதர் பெயர் போட்ட ஆஸ்பத்திரியைப் பார்த்தால் மனசு நிம்மதியாகிவிடுகிறது. கவனிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள் அமெரிக்க ஆயர்கள் பேரவை வகுத்த நெறிமுறைகளின்படி நடப்பவை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் அவற்றில் அனுமதி இல்லை.

ஊரில் இரண்டாவது பிரசவம் சிசேரியன் என்றால், "அப்படியே ஆபரேஷனும் பண்ணிடலாமா?" என்று டாக்டரே கேட்பார். அரசு ஆஸ்பத்திரியில் இது சர்வசாதாரணம். அதே எண்ணத்தில் இங்கே ஒன்பதாம் மாதத்தில் வாய் திறந்த ஒரு தங்கையை எனக்குத் தெரியும். டாக்டருக்குச் செய்ய மனம் இருந்தது, ஆஸ்பத்திரி விடவில்லை. வயிற்றைத் திறந்திருக்கும்போது சில நிமிடங்களில் முடிகிற வேலைக்கு, பிறகு தனியாக வேறோர் இடத்தில் மயக்க மருந்து, வேறொரு நாள் விடுப்பு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் அதற்குள் திரும்பிவிட்டார்.

இது இன்று நேற்று வந்ததில்லை. 1972-இல் மொண்டானா மாநிலம் பில்லிங்ஸில் ஒரு பெண் இதே கோரிக்கையோடு நீதிமன்றம் போனார். அரசுப் பணம் வாங்கும் கத்தோலிக்க ஆஸ்பத்திரி மறுக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். மறு வருடமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, மறுக்கும் உரிமையை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்துவிட்டது. அது இன்றும் அமலில் இருக்கிறது.

ஆகவே முதல் ஸ்கேனுக்குப் போகும்போதே கேளுங்கள்: "டாக்டர், நீங்கள் எந்தெந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பீர்கள்? அங்கே ஸ்டெரிலைசேஷன் செய்வார்களா?" பல டாக்டர்களுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளில் அனுமதி இருக்கும். இரண்டாவது உங்கள் நெட்வொர்க்கில் இருந்தால் அங்கே மாற்றிவிடலாம், ஆனால் கடைசி மாதத்தில் கஷ்டம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், தினமும் கேட்கப்படும் கேள்விதான். இன்னொரு வழி வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். யூராலஜிஸ்ட் (சிறுநீரியல் டாக்டர்) கிளினிக்கிலேயே சின்ன வேலையாக முடிந்துவிடும். நம் வீடுகளில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். ஆனால் பெண்களுக்கான ஆபரேஷன்போல அதை இலவசமாகக் கொடுக்கச் சொல்லும் மத்திய விதி கிடையாது, கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள்.

மாத்திரைக்கு மட்டும் என்றால் கவலை குறைவு. ஓபில் என்ற மாத்திரை 2024-இலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும், அரசு உதவி பெற்ற குடும்பநல கிளினிக்குகளும் உண்டு. விசா வகையைக் கேட்பார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை வேண்டிக் கருத்தரிப்புச் சிகிச்சை எடுப்பவர்களும் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் உறைய வைத்த கருக்களும் சட்டப்படி குழந்தைகளே என்று சொன்னது. தலைமை நீதிபதி தன் தனிக் கருத்தில் பைபிளை எடுத்துக்காட்டினார். பாதிச் சிகிச்சையில் இருந்தவர்களுக்குச் சில கிளினிக்குகள் கதவை மூடின. மார்ச் மாதம் அவசரமாக கிளினிக்குகளுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அவற்றில் சில மீண்டும் திறந்தன. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் போன்ற ஊருக்கு வேலைக்கு வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

நமக்கு ஓட்டு இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்யக் குடியுரிமை தேவையில்லை. ஹெச்.ஆர். வருடாவருடம் அனுப்பும் பெனிஃபிட்ஸ் சர்வேயை நம்மவர்கள் திறப்பதே இல்லை. எனக்கு இந்தக் காப்பீடு வேண்டும் என்று அதில் எழுதுங்கள், பெயர் கேட்க மாட்டார்கள் என்றால் தைரியமாகவே எழுதலாம்.

கடைசியாக, இன்ஷூரன்ஸ் மறுத்துக் கடிதம் வந்தால் காரணத்தைப் படியுங்கள். முதலாளியின் மதவிலக்கு என்றால் மேல்முறையீட்டால் பெரிதாக நடக்காது. ஆனால் பல நேரம் டாக்டர் அலுவலகம் பில்லில் சிகிச்சைக்கான குறியீட்டு எண்ணைத் தவறாகப் போட்டதால் வந்த மறுப்பாக இருக்கும். அதற்கு 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலில் டாக்டரின் பில்லிங் ஆட்களிடம் பேசி, அந்த எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மேல்முறையீட்டு முகவரி அதில்தான் இருக்கும்.