சாயப்பட்டறையில் கம்ப்ளையன்ஸ் செலவுக்கு ஓனரிடம் கணக்குச் சொல்வது எப்படி?

திருப்பூர் சாயப்பட்டறைகளில் சுற்றுச்சூழல், பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கும் வேலைகளை, அதாவது கம்ப்ளையன்ஸை, பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, கேஸ் மீட்டர் வாங்கோணும்னு சொன்னா ஓனர் அடுத்த மாசம் பாக்கலாம்ங்கறாரு. எப்படிக் கேக்கறதுங்க?" (கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று அளக்கும் கருவிதான் கேஸ் மீட்டர்.)

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்திக் கேட்காதீர்கள். அந்தப் பயம் ஆடிட் முடியும் வரைக்கும்தான். துணி கிலோவுக்கு எவ்வளவு என்று பேசுங்கள். சாயக்கூலி பேசுவதும் கிலோவுக்குத்தான், நஷ்டம் தெரிவதும் கிலோவில்தான். கம்ப்ளையன்ஸ் செலவு மட்டும் 'இதர செலவு' என்று ஒரே வரியில் கிடந்தால், மாதக் கடைசியில் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

முதலில், பட்டறை ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்று அக்கவுண்டன்டோடு உட்கார்ந்து எழுதுங்கள். பேங்க் டியூ, சம்பளம், ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டிய மின்சார டிமாண்ட் சார்ஜ், கையில் இருக்கும் லாட்டுகளின் (ஒரே தடவையில் சேர்த்துச் சாயம் போடும் துணி) கூலி என்று எல்லாவற்றையும் சேருங்கள். இது கற்பனைக் கணக்கு இல்லை. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டு, அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு சேர்த்து, மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி செய்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. மாதக்கணக்கில் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. துணி சாயத்துக்கு வெளியூர் போனது. நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஒரு பட்டறையை மூடச் சொல்வதோடு மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லும் அதிகாரமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு. ஒரு நாள் நின்றால் ஆகும் தொகையை உங்கள் தாளின் முதல் வரியில் எழுதுங்கள்.

அடுத்தது தண்ணீர். உண்மையான காசு இங்கேதான் இருக்கிறது. எல்லாக் கழிவுநீரையும் சுத்திகரித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்றான பிறகு, பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு தடவை காசு கொடுக்கிறோம்: வாங்கும்போது ஒரு தடவை, சுத்திகரிக்கும்போது ஒரு தடவை. 500 கிலோ லாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 10 லிட்டர் என்று ஓட்டினால் ஒரு பாத்துக்கு (மெஷினில் ஒரு தடவை தண்ணீர் நிரப்பி ஓட்டுவது) 5,000 லிட்டர். ப்ளீச்சிங்கிலிருந்து சோப்பிங், ஃபிக்ஸிங் வரை 8 பாத் என்றால் 40,000 லிட்டர். இதையே 7 லிட்டரில் ஓட்டினால் 28,000 லிட்டர்தான். 12,000 லிட்டர் மிச்சம்.

உப்பையும் பாருங்கள். டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் என்றால், 5,000 லிட்டருக்கு 300 கிலோ, 3,500 லிட்டருக்கு 210 கிலோ. ஒரு லாட்டுக்கு 90 கிலோ உப்பு குறைகிறது. வாங்குகிற காசு மட்டும் மிச்சம் என்று நினைக்காதீர்கள். ஆர்.ஓ. தள்ளிவிடும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் ஸ்டீம் கொடுத்துக் கொதிக்க வைத்துத்தான் உப்பைப் பிரிக்கிறோம். சுத்திகரிப்பிலேயே அதிகம் விறகு தின்னும் இடம் அதுதான். உப்பு குறைந்தால் அந்த வேலையும் குறைகிறது. உங்கள் பில்களில் லிட்டருக்கும் கிலோவுக்கும் என்ன விலை வருகிறதோ அதைப் போட்டுப் பெருக்குங்கள்.

ஒன்று கவனம், டையிங் மாஸ்டரைக் கேட்காமல் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள். ரெசிபியும் டோசிங் நேரமும் மாறும். மெஷினும் அதற்கு ஒத்துவர வேண்டும். அவசரப்பட்டு ஷேடு மாறிவிட்டால் அந்த லாட்டை ஸ்ட்ரிப் பண்ணி, அதாவது சாயத்தைக் கழற்றி, திரும்ப ஓட்ட வேண்டியதுதான். தண்ணீர், உப்பு, ஸ்டீம் எல்லாம் இரட்டிப்பாகும். அதனால் முதல் தடவையிலேயே ஷேடு ஓகே ஆன லாட்டுகள் நூற்றுக்கு எத்தனை என்பதைச் சுற்றுச்சூழல் கணக்கில் எழுதுங்கள். மாஸ்டரின் திறமையைப் போலக் கழிவுநீரைக் குறைக்கும் கருவி வேறு இல்லை.

ஸ்டீமுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பாய்லருக்குப் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சமாகும். கண்டன்சேட் (வேலை முடிந்து சூடான தண்ணீராக மாறிய ஸ்டீம்) சாக்கடைக்குப் போகிறதா, பாய்லரின் ஃபீட் டேங்குக்குத் திரும்புகிறதா என்று லைனைப் பிடித்துக்கொண்டே நடந்து பாருங்கள்.

அப்புறம் கெமிக்கல் ஸ்டோர். சாயத்தைக் கழற்றப் பயன்படும் ஹைட்ரோஸ் பொடியின் டிரம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். பல இடங்களில் அது பைப்புக்குப் பக்கத்தில், மூடி சாய்ந்தபடி, உள்ளே ஈரமான கோப்பையோடு இருக்கும். ஹைட்ரோஸில் கொஞ்சம் ஈரம் பட்டாலே தானாகச் சூடாகித் தீப்பிடிக்கலாம், மூச்சை அடைக்கும் கந்தகப் புகையும் வரும். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அதற்கென்று தனியாக ஒரு காய்ந்த கோப்பை, எடுத்த கையோடு மூடி. பெராக்சைடும் ஆசிட்டும் வேறு மூலையில் இருக்கட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு பலகையும் கோப்பையும்தான். தீப்பிடித்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து ஸ்டோரை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்கும்போது, அந்தப் பலகைதான் கிளெய்மைக் காப்பாற்றும்.

தொட்டி விஷயத்தில் மட்டும் காசைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுகிறேன். கழிவுநீர்த் தொட்டியில் கசடு தேங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை இல்ல, இறங்கு' என்று சொல்வதைவிட ஆபத்தான பேச்சு ஒரு பட்டறையில் கிடையாது. ஆளை இறக்காமல் லாரி வைத்து உறிஞ்சி எடுக்க முடியுமா என்றுதான் முதலில் பாருங்கள். பழுது பார்க்க இறங்கியே ஆக வேண்டும் என்றால் பிளோயர் போட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும், ஏனென்றால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில்தான் தங்கும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. இறங்குகிறவர் உடம்பில் ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை), மேலே அவரைத் தூக்க டிரைபாடும் வின்ச்சும் இருக்க வேண்டும். வெளியே நிற்பவர் என்ன நடந்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது. ஒருவர் மயங்க, காப்பாற்றப் போன இன்னொருவரும் சேர்ந்து போவதுதான் இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. இறங்குவது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. இதற்குக் கிலோ கணக்கு போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள்.

மற்ற விபத்துகளுக்கு வந்தால், "ஈ.எஸ்.ஐ. கட்டறோமல்லப்பா, அது பாத்துக்கும்" என்று ஓனர் சொல்வார். மருத்துவத்தையும், வேலைக்கு வராத நாட்களின் சம்பளத்தில் பெரும்பகுதியையும் ஈ.எஸ்.ஐ. தரும் என்பது உண்மைதான். ஆனால் பிரேக்டவுன் ஆன மெஷினுக்குள் சாயத்தோடு நின்றுபோன லாட்டை அது பார்த்துக்கொள்ளாது. ஷிப்மென்ட் தள்ளிப்போய்க் கப்பலில் போக வேண்டிய சரக்கை எக்ஸ்போர்ட்டர் விமானத்தில் அனுப்பிவிட்டு உங்கள் பேரில் போடும் டெபிட் நோட்டையும் (அந்தச் செலவை உங்கள் கூலியில் கழிக்கும் சீட்டு) பார்த்துக்கொள்ளாது. பழைய டெபிட் நோட்டு ஃபைலை வாங்கி, எதெல்லாம் விபத்தாலும் மெஷின் கோளாறாலும் வந்தவை என்று பிரித்து வையுங்கள். ஓனர் கவனமாகப் பார்க்கும் ஃபைல் அது.

ஆர்டர் பக்கம் இன்னொரு வரவு இருக்கிறது. 2011இல் தொடங்கிய இசட்.டி.எச்.சி. அமைப்பின் தடைசெய்த கெமிக்கல் பட்டியல், துணியில் தீங்கான கெமிக்கல் இல்லை என்னும் ஓக்கோடெக்ஸ் சான்றிதழ், ஆர்கானிக் துணிக்கான ஜி.ஓ.டி.எஸ். சான்றிதழ் என்று பையர் கேட்பது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. எந்த எக்ஸ்போர்ட்டரின் வேலை எந்தச் சான்றிதழால் வந்தது, மாதம் எத்தனை கிலோ என்று மெர்ச்சன்டைசர்களிடம் கேட்டு எழுதுங்கள். ரெக்கார்டை மட்டும் ஆடிட்டுக்கு முந்தின நாள் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். தினமும் பி.எச். 7.2 என்று ஒரே பேனாவில் எழுதிய லாக் புக்கை நல்ல ஆடிட்டர் பார்த்ததுமே மூடிவிட்டு, சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்டு மீட்டரையும் கெமிக்கல் வாங்கிய பில்லையும் கேட்பார். மோசமான ரீடிங்கையும் அப்படியே எழுதி, பக்கத்தில் என்ன செய்து சரிசெய்தோம் என்று எழுதிய புத்தகத்துக்குத்தான் மதிப்பு.

எல்லாம் சேர்ந்ததும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். கிலோவுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை கிராம் உப்பு, எவ்வளவு ஸ்டீம், ரீபிராசஸ் (திரும்ப ஓட்டிய லாட்) எத்தனை சதவீதம், போன மாதம் என்ன, இந்த மாதம் என்ன. கீழே, சான்றிதழால் வந்த வேலை. கடைசியில் கேட்கிற பொருளும் விலையும். மாதச் சம்பளம் போட்டு முடித்து ஓனர் ஆற அமர உட்காரும் நாளாகப் பார்த்துக் கொடுங்கள், மாஸ்டரையும் கூட அழைத்துப் போங்கள். கேட்பதில் முதலாவது கேஸ் மீட்டராக இருக்கட்டும். அது வரும் வரை தொட்டி மூடிகளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.