நெடும்பயணத்துக்கு ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் ஒரு லென்ஸும்: தேர்ந்தெடுக்கும் முறை

ஒரே ஒரு ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதில் ஒரே ஒரு லென்ஸ் என்று முடிவு செய்துகொண்டு நெடும்பயணத்துக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் கேமராவின் பெயரிலிருந்தே தேடத் தொடங்குகிறார்கள். முதலில் லென்ஸின் குவியத் தொலைவை (எவ்வளவு அகலமான காட்சி படத்தில் அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவை) முடிவு செய்து, அந்தக் குவியத் தொலைவுக்குரிய சட்டத்தை, அதாவது படத்தின் எல்லைக் கோடுகளை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெளிவாகக் காட்டும் பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) அதன்பின் தேடி, பாட்டரி தீர்ந்த பிறகும் அந்தப் பாடி படம் எடுக்குமா என்று கடைசியாகப் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. மாதக்கணக்கில் ஊர் ஊராகச் செல்லும்போது மாற்றுக் கேமரா கைவசம் இருக்காது. பழைய கேமராவைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரும் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் இருப்பதுபோல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் கண்ணாடி எழுந்து விழும் பொறி கிடையாது. ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி அமைந்த இரண்டு சாளரங்களின் வழியே வரும் காட்சிகள் வியூஃபைண்டரின் நடுவே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. லென்ஸைத் திருப்பி அந்த இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கினால் ஃபோகஸ் அமைந்துவிடும். கண்ணாடி இல்லாததால் பாடி மெலிதாக இருக்கிறது, லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் செல்ல முடிவதால் அகலக்கோண லென்ஸ்களைச் சிறிதாகச் செய்ய முடிகிறது, ஃபிலிமின் முன் திறந்து மூடும் ஷட்டரின் ஓசையும் அதிர்வும் குறைகின்றன. இதற்கு ஈடாகச் சிலவற்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இவ்வகை லென்ஸ்கள் பெரும்பாலும் 0.7 மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆவதில்லை. பழைய லென்ஸ்கள் பல 1 மீட்டரிலேயே நின்றுவிடும். பூவையும் பறவையையும் படம் எடுப்பதே பயணத்தின் நோக்கம் என்றால் இந்தக் கருவி அதற்கு ஏற்றதல்ல; தெரு, மனிதர்கள், ரயில் பெட்டியின் உட்புறம், மலைச்சரிவு ஆகியவற்றுக்கு இதைவிட வசதியான ஃபிலிம் கேமராவை நான் அறியேன்.

குவியத் தொலைவைப் பொறுத்தவரை 28, 35, 40, 50 மி.மீ. என்ற நான்கில் ஒன்றைத்தான் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பார்கள். மூலைக்கு மூலை அளந்தால் 28 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 75 பாகைக் கோணத்தையும், 35 மி.மீ. 63 பாகையையும், 40 மி.மீ. 57 பாகையையும், 50 மி.மீ. 47 பாகையையும் உள்ளடக்கும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் வாழ்நாள் பணியின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸிலேயே செய்தார் என்பது உண்மைதான். எனினும் குறுகிய சந்துகளிலும் சிறிய அறைகளிலும் பின்னால் நகர இடம் இல்லாமல் போகும் பயணிக்கு 50 பல நேரம் நெருக்கமாகிவிடுகிறது. 28 மி.மீ. சட்டத்தில் நிறைய அடங்கும், ஆனால் ஒவ்வொரு படத்திலும் மிக அருகே செல்லும் துணிவையும் தேவையற்றதை ஒதுக்கும் பயிற்சியையும் அது கேட்கிறது. ஒரே லென்ஸ் என்றால் 35 அல்லது 40 என்பதே என் பரிந்துரை. ஐயம் இருந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் ஜூம் லென்ஸை 35 மி.மீ.க்கு நிகரான இடத்தில் ஒட்டுநாடா போட்டு நிறுத்திச் சில நாட்கள் ஊருக்குள் நடந்து பாருங்கள். முன்னே போக வேண்டியிருந்ததா, பின்னே வர வேண்டியிருந்ததா என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

35 மி.மீ. லென்ஸுக்கு இன்னொரு நடைமுறைச் சிறப்பும் உண்டு. எஃப் 8 அப்பர்ச்சரில் (லென்ஸின் துளை அளவு; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) ஃபோகஸை 5 மீட்டரில் நிறுத்தினால், ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் போதிய தெளிவுடன் பதிவாகும். எஃப் 11 என்றால் 3.7 மீட்டரில் நிறுத்தினாலே இரண்டு மீட்டருக்குச் சற்று உள்ளிருந்து தொடங்கிவிடும். பகல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 400 ஒளி உணர்திறன் கொண்ட ஃபிலிமுடன் நடந்துகொண்டே எடுப்பவர், இரட்டைப் பிம்பத்தை ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொண்டிருக்காமல் கேமராவை உயர்த்தியவுடன் பொத்தானை அழுத்தலாம். 40 மி.மீ. லென்ஸில் இதே எஃப் 8 அமைப்பு மூன்றேகால் மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். மனிதர்களை அருகிலிருந்து எடுப்பவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

லென்ஸ் எவ்வளவு விரிவாகத் திறக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். எஃப் 1.4 லென்ஸ் கனமானது, விலை கூடியது, பல வேளைகளில் வியூஃபைண்டரின் கீழ் மூலையையும் மறைப்பது. கண்ணாடி அடிக்கும் அதிர்வு இல்லாத இந்தக் கேமராவைக் கையில் பிடித்தபடியே 1/30 நொடியிலும், மூச்சை அடக்கினால் 1/15 நொடியிலும் கூர்மையான படம் எடுக்க முடிவதால், எஃப் 2 முதல் எஃப் 2.8 வரையிலான லென்ஸ் பயணத்துக்குப் போதும். ஃபோக்ட்லெண்டர் 35 மி.மீ. எஃப் 2.5 கலர்-ஸ்கோபார் வெறும் 134 கிராம் எடையுள்ளது. விரல் வைத்துத் திருப்புவதற்கான சிறு நெம்பும் அதில் இருக்கிறது. ஸைஸ் 35 மி.மீ. எஃப் 2.8 சி-பையோகன் சற்றே பெரியது, மிகத் தெளிவான லென்ஸ். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்றால் நான் ஃபோக்ட்லெண்டரையே எடுப்பேன்.

லென்ஸ் முடிவான பிறகு பாடிக்கு வரலாம். வியூஃபைண்டரில் ஒளிரும் சட்டங்கள் எந்தெந்தக் குவியத் தொலைவுக்கு உள்ளன என்பதை முதலில் பாருங்கள். 0.72 பெரிதாக்கம் (வெறுங்கண்ணால் காண்பதில் 0.72 பங்கு அளவு) கொண்ட லைக்கா எம்6 கேமராவில் 28, 35, 50, 75, 90, 135 ஆகியவற்றுக்குச் சட்டங்கள் உண்டு. ஆனால் மூக்குக்கண்ணாடி அணிபவரால் அதில் 28 மி.மீ. சட்டத்தின் ஓரங்களை முழுவதும் காண்பது கடினம், 35 மி.மீ. சட்டத்தை வசதியாகக் காணலாம். கொசினா நிறுவனம் தயாரித்த ஃபோக்ட்லெண்டர் பெஸ்ஸா வரிசையில் ஆர்2எம் 35 மி.மீ.க்கும், ஆர்3எம் 40 மி.மீ.க்கும், ஆர்4எம் 21 முதல் 50 வரையிலான லென்ஸ்களுக்கும் பொருந்தும். 40 மி.மீ. லென்ஸை விரும்புகிறவர் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் லைக்கா சிஎல், மினோல்டா சிஎல்இ, பெஸ்ஸா ஆர்3 போன்ற சிலவற்றில்தான் இருக்கிறது; லைக்கா எம் பாடியில் 40 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் 50 மி.மீ. சட்டம்தான் தோன்றும், நீங்கள் கண்டதைவிட அதிகமாகவே ஃபிலிமில் விழும்.

அடுத்தது இரண்டு சாளரங்களுக்கு இடையிலான தொலைவு, அதாவது ஃபோகஸ் அடித்தளம். அதை வியூஃபைண்டரின் பெரிதாக்கத்தால் பெருக்கினால் வரும் எண்தான் ஃபோகஸின் துல்லியத்தைத் தீர்மானிக்கிறது. எம்6க்கு 69.25 மி.மீ.யை 0.72ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 50 வருகிறது. பெஸ்ஸா ஆர்2எம்முக்கு அது 26, சிஎல்இக்கு 29, சிஎல்லுக்கு 19. இந்த எண்களைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. 35 அல்லது 40 மி.மீ. லென்ஸை எஃப் 2க்கு மேல் திறக்காத பயணிக்கு 19 போதுமானது, 90 மி.மீ. லென்ஸை முழுதும் திறந்து எடுக்க விரும்புகிறவருக்கு மட்டுமே பெரிய எண் இன்றியமையாதது.

பாட்டரி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 1984இல் வந்து, 2022இல் மீண்டும் தயாரிப்புக்கு வந்த எம்6 கேமராவின் ஷட்டர் முழுவதும் இயந்திரம். பாட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பெஸ்ஸா ஆர்2எம், ஆர்3எம், ஆர்4எம் ஆகியவையும் அப்படியே. அவற்றின் மீட்டருக்கு வேண்டிய எல்.ஆர்.44 பாட்டரி சிறு நகரக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். 1980களின் தொடக்கத்தில் வந்த மினோல்டா சிஎல்இ அழகும் அறிவும் பொருந்திய சிறிய கேமரா, ஆனால் அதன் ஷட்டர் மின்னணுவால் இயங்குவது, கையால் வேகத்தை அமைக்கும்போது மீட்டரும் பேசாது. மின்சுற்று செத்தால் கேமராவும் செத்ததுதான். 1973இல் வந்த லைக்கா சிஎல்லின் ஷட்டருக்குப் பாட்டரி வேண்டாம் எனினும், மீட்டர் 1.35 வோல்ட் பாதரசப் பாட்டரிக்காக அமைக்கப்பட்டது, அந்தப் பாட்டரி இன்று விற்பனையில் இல்லை. அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் ஆல்கலைன் பாட்டரி போட்டால் மீட்டர் உள்ளதைவிட அதிக வெளிச்சத்தைக் காட்டி, ஃபிலிமுக்குக் குறைந்த ஒளியையே தர வைக்கும். காது கேட்கும் கருவிகளில் பயன்படும் 675 எண் துத்தநாக-காற்றுப் பாட்டரி 1.4 வோல்ட் தருவதால் அதுவே ஏற்ற மாற்று; மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்த பின் அதன் ஆயுள் குறுகியது என்பதால் கூடுதலாகச் சிலவற்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

லைக்காவின் விலை கைக்கு எட்டாதவருக்கு லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்ட ஜப்பானியக் கேமராக்கள் உண்டு. 1970இல் வந்த ஒலிம்பஸ் 35 ஆர்சியில் 42 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் இருக்கிறது; பாட்டரி இல்லாமலும் 1/15 முதல் 1/500 நொடி வரை இயங்கும், வேகத்தின் எண்ணும் வியூஃபைண்டருக்குள்ளேயே தெரியும். 1972இல் வந்த கேனனெட் கியூஎல்17 ஜிஐஐஐ 40 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் கொண்டது. ஆனால் தானியங்கி முறையை விட்டு வெளியே வந்தால் அதன் மீட்டர் வேலை செய்யாது, எடையும் கூடுதல். மைதானி யோஷிஹிசா வடிவமைத்து 1979இல் வெளிவந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ 225 கிராம்தான். நகர்த்தினால் மூடிக்கொள்ளும் அதன் உறையும், உள்ளே அடங்கிய 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸும் இன்றும் வியக்கத்தக்கவை. அதன் ஷட்டர் மின்னணுவால் இயங்குவது என்பதே என் ஒரே தயக்கம். ரோலை 35 என்ற சிறு கேமராவையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அதில் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லை, தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் அமைக்க வேண்டும்.

ஆகவே செலவு செய்ய முடிந்தால் பெஸ்ஸா ஆர்2எம்முடன் 35 மி.மீ. கலர்-ஸ்கோபார், அதைவிட உறுதியும் நீண்ட ஃபோகஸ் அடித்தளமும் வேண்டுமானால் அதே லென்ஸுடன் எம்6, குறைந்த செலவில் வேண்டுமானால் ஒலிம்பஸ் 35 ஆர்சி. என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றையே.

பயன்படுத்திய கேமராவை வாங்கும்போது கையில் எடுத்துச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, மிகத் தொலைவிலுள்ள கோபுரத்தையோ அலைபேசிக் கம்பத்தையோ பாருங்கள். இரட்டைப் பிம்பம் பக்கவாட்டில் பொருந்துவதோடு மேலும் கீழும் விலகாமல் இருக்க வேண்டும். பிறகு 1 மீட்டர் தொலைவில் ஒரு பொருளை வைத்து லென்ஸ் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நடுவிலுள்ள பிம்பம் மங்கியிருந்தால் மாலை வெளிச்சத்தில் அது பயன்படாது, ஆகவே அந்தக் கேமராவைத் தவிர்க்கலாம். பின்கதவைத் திறந்து எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்கிப் பாருங்கள். 1 நொடி என்பது உண்மையில் ஒரு நொடியாகவே காதில் கேட்க வேண்டும். ஷட்டர் துணியாலானது என்றால் இருட்டில் ஒரு பக்கம் டார்ச் பிடித்து, மறுபக்கம் ஊசித்துளை அளவு ஒளிகூடக் கசியவில்லை என்று உறுதிப்படுத்துங்கள். லென்ஸின் வழியே டார்ச் ஒளியைச் செலுத்தினால் பூஞ்சையின் வலைக்கோடுகளும் மூடுபனி போன்ற படிவும் தெரியும். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இருந்த லென்ஸ்களில் பூஞ்சை மிகச் சாதாரணம். கதவோரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை பிசுபிசுப்பாக உருகியிருப்பது பழைய ஜப்பானியக் கேமராக்களில் வழக்கம். அதைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம், அதற்காக நல்ல கேமராவைக் கைவிட வேண்டாம்.

வாங்கியவுடன் இரண்டு ரோல் ஃபிலிமையாவது எடுத்துக் கழுவிப் பார்த்த பின்பே புறப்படுங்கள். லைக்கா, சிஎல், சிஎல்இ ஆகியவற்றின் துணி ஷட்டரை, முடிவிலியில் ஃபோகஸ் செய்து விரியத் திறந்து வைத்த லென்ஸின் வழியே நேராக விழும் வெயில் எரித்துத் துளையிட்டுவிடும். கழுத்தில் தொங்கும்போது லென்ஸ் மூடியைப் போடுங்கள், அல்லது அப்பர்ச்சரை எஃப் 16க்குக் குறைத்து ஃபோகஸை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பெஸ்ஸாவின் ஷட்டர் உலோகத்தாலானது என்பதால் இந்த அச்சம் குறைவு. மூடியைக் கழற்றாமலே படம் எடுத்துவிடும் அபாயம் ரேஞ்ச்ஃபைண்டருக்கே உரியது, ஏனெனில் நாம் பார்ப்பது லென்ஸின் வழியாக அல்ல.

விமானப் பயணத்தில் ஃபிலிமைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்குள்ள கதிர்வீச்சு மிகக் கடுமையானது. கைப்பையைச் சோதிக்கும் புதிய சி.டி. வகை இயந்திரங்களும் ஃபிலிமைக் கெடுக்கும் என்று கோடாக், இல்ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் எச்சரிக்கின்றன. ரோல்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளிருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாக இட்டு, வரிசையில் நிற்கும்போதே கையால் சோதிக்கும்படி பணிவுடன் கேளுங்கள். கேமராவுக்குள் பாதி எடுத்த ரோல் இருந்தால், விமான நிலையத்துக்குச் செல்லும் முன் அதை எடுத்து முடித்துச் சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள், அப்போது கேமராவை எந்த இயந்திரத்தின் வழியாகவும் அனுப்பலாம்.